கல்யாணத்துக்கு நெஜ ரோஜா இதழா, துணி இதழா?

பொண்ணோட அக்கா:
தங்கச்சி மேடைக்கு நடந்து வர்ற வழி முழுக்க நெஜ ரோஜா இதழ் தூவணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. வீட்ல எல்லாரும் துணி இதழ் வாங்கு, வாடாது, திரும்ப எடுத்து வெச்சுக்கலாம்னு ஒரே பிடிவாதம். பண்ணிப் பாத்தவங்க சொல்லுங்களேன்.

மேடைக்காரன்:
12 வருஷமா அலங்கார வேலைதான் பண்றேன், காலடியில மட்டும் நெஜ இதழ் வேணாம்மா. இதழ்ல முக்காவாசி தண்ணிதான், நாலு பேர் மிதிச்சா நசுங்கி வழவழன்னு ஆயிடும், அதுவும் மார்பிள் தரைன்னா சொல்லவே வேணாம். ஒரு கல்யாணத்துல என் கண்ணு முன்னாடியே ஒரு பாட்டி வழுக்கி விழுந்து கை எலும்பு முறிஞ்சுது, நான் தூவின பூ, இன்னிக்கும் மனசு ஆறல. சிவப்பு இதழ் நசுங்கினா சாயம் வேற இறங்கும், கம்பளத்துல பட்டா போகாது.

செடிப்பித்து:
அண்ணா, பாட்டி விழுந்தது கஷ்டமாதான் இருக்கு, ஆனா அதுக்கு துணி இதழ்தான் பதிலா? பேருதான் துணி, பெரும்பாலும் அது பாலியஸ்டர், பிளாஸ்டிக் குடும்பம். திறந்தவெளியில தூவினா காத்துல பறந்து புல்லுக்குள்ள போய் மாட்டிக்கும், எல்லாத்தையும் பொறுக்கவே முடியாது, மக்கவும் மக்காது. மெழுகுவத்தி பக்கத்துல கிடந்தா உருகிடும். அதுவும் வழுக்காதுன்னு யாரு சொன்னா, பளபள தரையில கால் வெச்சுப் பாருங்க. நெஜ இதழ்னா கூட்டி எடுத்து செடிக்கு உரமா போட்டுடலாம், அந்த வாசனைக்கு ஈடு இருக்கா?

மேடைக்காரன்:
வாசனைய வெச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி. வெட்டி விக்கிற ரோஜால நிறைய வகை, ரொம்ப நாள் வாடாம இருக்கணும்னே உருவாக்கினது, மோந்து பாத்தா ஒண்ணுமே இருக்காது.

ஓரமா நிக்கிறவ:
உறைய வெச்சு உலர்த்தின இதழ் பாத்தீங்களா அக்கா? பூவ உறைய வெச்சு அதுல இருக்கற ஐஸ் அப்படியே ஆவியாப் போற மாதிரி காய வெப்பாங்க, நிறமும் வடிவமும் ஓரளவுக்கு நிக்கும், கறையும் கம்மி. முன்னாடியே வாங்கி வெச்சுக்கலாம். ஈரக்காத்துல மட்டும் தொவண்டு போயிடும், அதனால கடைசி நேரத்துலதான் டப்பாவ தெறக்கணும்.

பொண்ணோட அக்கா:
எல்லாருக்கும் நன்றி. எங்க பாட்டியும் அதே வழியாதான் நடந்து வருவாங்க, அத நான் யோசிக்கவே இல்ல. நடுவுல ஒண்ணும் போடாம ரெண்டு ஓரத்துலயும் நெஜ இதழ கரை கட்டின மாதிரி போட்டுடலாம்னு இருக்கேன். எப்ப பிரிக்கணும்?

மேடைக்காரன்:
அப்படின்னா நானும் வேணாம்னு சொல்ல மாட்டேன். முந்தின நாள் சாயங்காலம் பிரிச்சு, ஈரம் துளி இல்லாம பையில லூசா போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல வெச்சா கறுத்துடும். வெள்ளையும் வெளிர் கலரும் லேசா நசுங்கினாலே பழுப்பு தெரியும், அத அழுத்தாம எடுங்க.

செடிப்பித்து:
சேலைல சாயம் பட்டா உடனே சோப்பு போட்டுடாதீங்க அக்கா, அந்த சிவப்பு சாயம், சோப்பு பட்டா நீலமா மாறும், பச்சத்தண்ணி வெச்சு தேய்க்காம ஒத்தி எடுங்க. விழா முடிஞ்சதும் இதழ எனக்கு குடுத்தா செடிக்கு போட்டுக்குவேன்!