டிஸ்சார்ஜ் சீட்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

கண்மாய்க்கரை:
"மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம், வீடு மூன்றும் ஒன்றாகிவிட்டன" என்று வைகைத்தென்றல் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரையை மாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்கா பழையதையே கொடுத்தார். அவர் மேல் தப்பே இல்லை, அவரிடம் இருந்த பட்டியல் அப்படி. அப்பா இரண்டையும் போட்டார். பிரஷர் ஒரேயடியாக இறங்கி, கட்டிலை விட்டு எழுந்தவர் விழுந்துவிட்டார். டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது எதுவும் சுகாதார நிலையத்துக்குத் தெரியாது. இதுவா ஒன்றானது?

வைகைத்தென்றல்:
சீட்டை உங்கள் கையில்தானே கொடுத்தார்கள்? போய்க் காட்டியிருக்க வேண்டியது நீங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. 2024-ல் ஐ.நா. விருதே வாங்கியது. பிசியோதெரபி, படுக்கையில் கிடப்பவர்களுக்கான பராமரிப்பு எல்லாம் வீட்டுக்கே வருகிறது. ஒரு வீட்டில் நடந்ததை வைத்து எல்லாவற்றையும் பழிக்காதீர்கள்.

கண்மாய்க்கரை:
விருதைத் தண்ணீரில் கரைத்து அப்பாவுக்குக் கொடுக்கட்டுமா? திட்டத்தை நான் பழிக்கவில்லை, சீட்டைப் பற்றிக் கேட்கிறேன். கர்ப்பிணிக்கு பிக்மி எண் என்று ஒரு பதிவு எண் போடுகிறார்கள். கிராம செவிலியர் பதிந்ததில் இருந்து பிரசவம் வரை அந்த எண் கூடவே போகிறது, குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் அதையே கேட்கிறார்கள். இதே மாநிலம்தான் அதைச் செய்துகாட்டியது. பக்கவாதம் வந்தவருக்கு மட்டும் மகன் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா?

வார்டுஅக்கா:
தம்பி, நான் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டிஸ்சார்ஜ் நேரத்தில் ஒரு பக்கம் புது நோயாளி வந்து நிற்பார், இன்னொரு பக்கம் ஊசி போடும் நேரம். அதற்குள் ஒவ்வொரு ஊர் சுகாதார நிலையத்துக்கும் போன் போட யார் இருக்கிறார்கள்? ஆள் போடாமல் எங்களைக் குறை சொன்னால் எப்படி?

கண்மாய்க்கரை:
அக்கா, உங்களை யார் குறை சொன்னது? அதற்கென்று ஒரு ஆளை உட்கார வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். வீட்டுக்கு அனுப்பும் அன்றே மாத்திரைப் பட்டியல் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

வைகைத்தென்றல்:
அதற்குத்தான் ஒருவருடைய மருத்துவச் சீட்டுகளை ஆன்லைனில் ஒன்றாகச் சேர்க்கும் ஆபா எண் இருக்கிறதே. 14 இலக்கம். எடுத்தீர்களா?

கண்மாய்க்கரை:
எடுத்தாயிற்று. சீட்டை அதில் ஏற்ற வேண்டியவர் யார்? அதுவும் அப்பாவா?

தோப்பூர்வாசி:
மதுரை தோப்பூர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதை அப்போதே கட்டி முடித்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

வைகைத்தென்றல்:
வந்துவிட்டார். 108 பற்றிப் பேசியபோதும் இவர் எய்ம்ஸைத்தான் இழுத்தார்.

தோப்பூர்வாசி:
எங்கள் ஊரைப் பற்றி நான் பேசாமல் யார் பேசுவது? அன்றைக்கும் பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள்தான்.

கண்மாய்க்கரை:
இரண்டு பேரும் உங்கள் பழைய கணக்கை வேறு இடத்தில் தீருங்கள். எய்ம்ஸ் வந்தாலும் நோயாளி வீட்டுக்குத்தான் திரும்புவார். அங்கேயும் ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதை ஊர் சுகாதார நிலையத்துக்குச் சொல்வது யார்? இவ்வளவு நேரமாகக் கேட்கிறேன், வைகைத்தென்றல் இன்னும் பதில் சொல்லவில்லை.

வைகைத்தென்றல்:
முதலிலேயே சொல்லிவிட்டேன். சீட்டு உங்கள் கையில் இருந்தது.

கண்மாய்க்கரை:
அப்பா கீழே விழுந்தபோதும் என் கையில்தான் இருந்தது. சுகாதார நிலையத்தின் கையில் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

வார்டுஅக்கா:
ஆள் போடச் சொல்லுங்கள் தம்பி. அதுவரை நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கண்மாய்க்கரை:
நீங்களுமா அக்கா?