மாலை போடுற அன்னிக்கே குடியை நிறுத்தலாமா? கை நடுக்கம், வலிப்பு பயம்

குடியாத்தம்_தறி கேட்டது:

எங்க மாமாவுக்கு 46 வயசு, கைத்தறியில லுங்கி நெய்யிறார். குடி பன்னெண்டு வருஷமா இருக்கு. இப்ப ரெண்டு வருஷமா தினம் ரெண்டு குவார்ட்டர் பிராந்தி. காலையில தறிக்குழியில இறங்கினா அறுந்த இழையை முடிபோட கை நிக்கல. மதியம் கடை திறந்து ஒரு கட்டிங் உள்ள போனதும் நடுக்கம் நின்னுடுது. கார்த்திகை 1-ம் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுறேன், அன்னியோட சரின்னு சொல்றார். போன ஆடியில கோயில்ல கயிறு கட்டி நிறுத்தினப்ப, ரெண்டாம் நாள் ராத்திரி சுவத்துல பூச்சி ஓடுதுன்னு தட்டிக்கிட்டே இருந்தார். மூணாம் நாள் திரும்பக் குடிச்சிட்டார்.

மாலைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. ஒரேயடியா நிறுத்தலாமா, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணுமா? ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்னு பக்கத்துல சொல்றாங்க. அத்தை சாப்பாட்டுல கலக்குற பவுடர் ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க, அது நல்லதா?

இரவு_டியூட்டி (மனநல வார்டு நர்ஸ்):

தம்பி, முதல்ல அளவைப் பாருங்க. குவார்ட்டர்னா 180 மில்லி. பாட்டில் மேல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். ரெண்டு குவார்ட்டர்ல சுத்த ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 120 கிராம். இவ்வளவை வருஷக்கணக்கா தினமும் குடிக்கிறவர், காலையில நடுக்கம் வர்றவர், முன்னாடி நிறுத்தினப்ப இல்லாததைப் பார்த்தவர்: இந்த மூணும் சேர்ந்த ஆளு வீட்டிலேயே ஒரேயடியா நிறுத்தக் கூடாது. அட்மிட் பண்ணித்தான் நிறுத்தணும்.

காரணம் இதுதான். மது மூளையைத் தினமும் அழுத்திப் பிடிக்குது. மூளை அதுக்கு ஈடுகட்ட தன் வேகத்தைக் கூட்டி வச்சிருக்கும். அழுத்தம் திடீர்னு விலகினா அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கடைசியாக் குடிச்ச நேரத்துல இருந்து கணக்கு வைங்க. 6 மணி நேரத்துக்கு மேல நடுக்கம், வேர்வை, குமட்டல், படபடப்பு. ராத்திரி பத்து மணிக்குக் குடிச்சவருக்கு மறுநாள் பன்னெண்டு மணிக்குக் கடை திறக்கிறதுக்குள்ள 14 மணி நேரம் ஓடிடுது, அதனாலதான் தறியில கை நிக்கல. வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள்ள வரும். 48-ல இருந்து 96 மணி நேரத்துல சித்தப்பிரமை வரலாம்: நாள், இடம் தெரியாது, காய்ச்சல், நாடித்துடிப்பு எகிறும், பூச்சி பாம்பு தெரியும். இதுக்கு வைத்தியம் பார்க்கலைன்னா உயிரே போகும். போன ஆடியில நீங்க பார்த்தது இதோட ஆரம்பமாக்கூட இருக்கலாம். ஒவ்வொரு தடவை நிறுத்தி நிறுத்தி ஆரம்பிக்கும்போதும் அடுத்த தடவை நடுக்கம் இன்னும் கடுமையா வரும், அதையும் மனசுல வைங்க.

குளுக்கோஸ் விஷயம் ரொம்ப முக்கியம். குடிக்கிறவங்களுக்கு பி1 வைட்டமின், அதாவது தயமின், காலியா இருக்கும். ராத்திரி சாப்பாடு கிடையாது, சாப்பிட்டதும் குடல்ல சரியா ஏறாது. அந்த நிலையில தயமின் போடாம வெறும் குளுக்கோஸ் ஏத்தினா மிச்சமிருக்கிற கொஞ்சமும் செலவாயிடும். கண் ஒரு நிலையில நிக்காது, நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். உடனே கவனிக்கலைன்னா ஞாபகசக்தி நிரந்தரமாப் போயிடும். அதனால எந்த கிளினிக் போனாலும் 'தினம் குடிக்கிறவர், முதல்ல தயமின் ஊசி போடுங்க'ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. வெக்கப்பட்டு மறைக்காதீங்க.

வார்டுல நடக்கிறது பெரிய மர்மம் இல்ல. மூளையோட அந்த வேகத்தை அடக்குற குளோர்டயஸெபாக்சைடு, டயஸெபாம் மாதிரி மாத்திரையை முதல் நாள் அதிகமாக் கொடுத்து, தினமும் குறைச்சு, 5-7 நாள்ல நிறுத்துவாங்க. கல்லீரல் ரொம்பக் கெட்டிருந்தா லோராஸெபாம். இதே மாத்திரையைக் கடையில வாங்கி வீட்டுல கொடுத்து, அவர் அதுக்கு மேல ஒரு கட்டிங் போட்டார்னா மூச்சு அடங்கிடும். டாக்டர் கையில இல்லாம இதைத் தொடாதீங்க.

பாலாற்றங்கரை:

அட்மிஷனுக்கு ஒத்துக்காத ஆளா இருந்தா, அதுவரைக்கும் அளந்து குறைக்கிறது ஒரு வழி. 30 மில்லி அளவு மூடி வச்சு, ரெண்டு நாளைக்கு ஒரு மூடி குறைச்சா மூணு வாரத்துல பெருமளவு இறங்கிடலாம்.

இரவு_டியூட்டி:

கணக்கு சரி. ஆனா ஊத்துறது யாருங்கிறதுலதான் இது கெடுது. முதல் நாலு மூடிக்கப்புறம் கணக்கு அவர் கைக்குப் போயிடும். அத்தை கையில பாட்டில் இருந்து, நேரம் எழுதி வச்சு ஊத்தினா, படுக்கை கிடைக்கிற வரைக்கும் இதை வச்சு சமாளிக்கலாம், அவ்வளவுதான். கடை லீவு நாள்ல மலைப்பக்கச் சாராயம் வாங்கிக் குறைக்கப் போயிடாதீங்க. மெத்தனால் கலந்தா உடம்பு அதை ஃபார்மிக் அமிலமா மாத்தி கண் நரம்பைத் தின்னுடும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில நடந்தது அதுதான். இந்த நாட்கள்ல எப்பவாவது வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில சாவி, வாயில துணி எதுவும் வேண்டாம். நேரம் பாருங்க, 108 கூப்பிடுங்க. நின்னுடுச்சுன்னு வீட்டுல படுக்க வைக்காதீங்க, அடுத்தது வரலாம்.

மருந்துக்கடை_காட்பாடி:

பவுடரைப் பத்தி மட்டும் சொல்றேன். இப்படி வர்ற பொட்டலங்கள்ல என்ன இருக்குன்னு வெளியே எழுதியிருக்காது. குடிச்சா உடம்பு ஒத்துக்காமப் பண்ற டைசல்ஃபிரம்ங்கிற மருந்து இருந்தா, அதைச் சாப்பிட்டவர் ஒரு கட்டிங் குடிச்சாலும் முகம் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலிச்சு, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிஞ்சு விழுவார். இதயம் பலவீனமா இருந்தா மரணம்கூட வரும். டாக்டர் கொடுக்கிற முறையே வேற: நோயாளிக்கு முழுசாத் தெரிஞ்சு, சம்மதிச்சு, கடைசியாக் குடிச்சு குறைஞ்சது 12 மணி நேரம் ஆன பிறகு, கல்லீரல் டெஸ்ட் பார்த்துட்டு, சாதாரணமா தினம் 250 மில்லிகிராம். நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் உடம்புல வேலை செய்யும். அந்தக் காலத்துல இருமல் டானிக், தசமூலாரிஷ்டம் மாதிரி அரிஷ்டங்கள்கூட ஒத்துக்காது, அதுலயும் ஆல்கஹால் இருக்கு. மறைச்சுக் கலக்கிறது வேண்டவே வேண்டாம்னு அத்தைகிட்ட சொல்லுங்க. மாமா தெரியாமக் குடிச்சு விழுந்தார்னா, எதனாலன்னு டாக்டருக்கும் தெரியாது.

குடிக்கணும்கிற ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் 50, அகாம்ப்ரோசேட் 333 மாதிரி மாத்திரைகளும் இருக்கு. கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்குன்னு பார்த்துதான் எதுன்னு முடிவு பண்ணுவாங்க. தலைவலிக்கு பாராசிட்டமால் போட்டா ஒரு நாளைக்கு 2 கிராம், அதாவது 500-ல நாலு மாத்திரை, அதுக்கு மேல வேண்டாம்.

குடியாத்தம்_தறி:

ரொம்ப நன்றிங்க. பவுடரை எடுத்துக் கொட்டியாச்சு. எங்க கூட்டிட்டுப் போகணும்? மாலையை விட மனசில்லை அவருக்கு.

ஆலோசகர்_வேலூர்:

மாலையை விட வேண்டியதில்லை, குடியை நிறுத்துற தேதியை மட்டும் மாத்துங்க. கார்த்திகை 1-க்குப் பத்து நாள் முன்னாடியே அட்மிட் பண்ணிடுங்க. மாலை போடுற அன்னிக்கு அவர் கை நிக்கும், நெத்தியில திருநீறு தானே இட்டுக்குவார். நிறுத்தின முதல் வாரத்துல விடியற்காலை பச்சைத்தண்ணியில குளிச்சு ஒருவேளை சாப்பாடுன்னு இருக்கிறது சரிவராது. உடம்புல சர்க்கரையும் நீரும் குறைஞ்சு நடுக்கத்தை ஏத்தும். மாத்திரையும் மூணு வேளை சாப்பாடும் இருக்குன்னு குருசாமிகிட்ட முன்னாடியே பேசிடுங்க. விரதத்துல மருந்து கூடாதுன்னு நிறுத்திட்டு வர்றவங்க அதிகம்.

வேலூர் பக்கம் பாகாயத்துல சி.எம்.சி. மனநல மையம் இருக்கு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கு. ராத்திரி அவசரம்னா முதல்ல குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கே ஓடுங்க, வலிப்பை நிறுத்திட்டு அனுப்புவாங்க. போன்ல கேட்க அரசோட மனநல உதவி எண் 14416 (டெலிமானஸ்), போதை மீட்புக்கு 14446, ரெண்டும் இலவசம்.

தனியார் மறுவாழ்வு இல்லம்னா, 2017 மனநலச் சட்டப்படி பதிவு இருக்கான்னு கேளுங்க. ராத்திரி நர்ஸ் யாரு, டாக்டர் எப்ப வருவார், வீட்டுக்காரங்க பார்க்கலாமா? இதுக்கு மழுப்பினா திரும்பி வந்துடுங்க. சங்கிலி போட்டுக் கட்டுறதை அந்தச் சட்டமே தடை பண்ணியிருக்கு.

அட்மிட் பண்றப்ப ரத்தத்துல சர்க்கரை, பொட்டாசியம், மெக்னீசியம், தட்டணுக்கள், கல்லீரல் டெஸ்ட் பார்ப்பாங்க. அந்தக் கல்லீரல் ரிப்போர்ட்ல ஜிஜிடின்னு ஒரு வரி இருக்கும். குடி நின்னா ரெண்டு மூணு வாரத்துல ஏறக்குறைய பாதியா இறங்கும். முன்னது பின்னது ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வச்சு மாமாகிட்டயே காட்டுங்க. வெறும் கொழுப்புக் கல்லீரலா இருந்தா குடியை விட்ட சில வாரத்துல சரியாக ஆரம்பிக்கும். தழும்பு விழுந்து சுருங்கியிருந்தா பழையபடி ஆகாது, ஆனா மேல கெடாம நிக்க வாய்ப்பு இருக்கு.

டிஸ்சார்ஜ் ஆனதும் மாத்திரை மயக்கம் இருக்கிற வரைக்கும் வண்டி ஓட்ட விடாதீங்க. கூலி வர்ற அன்னிக்குப் பணம் அத்தை கைக்கு வரட்டும். தறியில இருந்து வீட்டுக்கு, கடை இல்லாத வழியா சுத்தி வரட்டும்; ரெண்டு கிலோமீட்டர் கூடுதலானாலும் பரவாயில்ல. தூக்கம் ரெண்டு மூணு மாசம் வரைக்கும் சரியா வராது. அதுக்குன்னு தூக்க மாத்திரை தேடிப் போனா ஒண்ணை விட்டு இன்னொண்ணுல மாட்டிக்குவார்.

ரொம்பப் பேர் விழுறது மாலை கழட்டுற அன்னிக்குத்தான். ஒரு மண்டலம் குடிக்காத உடம்பு பழைய ரெண்டு குவார்ட்டரைத் தாங்காது. மலைக்குப் போயிட்டு எந்தத் தேதியில இறங்குறார்னு இப்பவே கேட்டு, மறுநாள் காலைக்கே ஓ.பி. சீட்டுப் போட்டு வைங்க. ஊருக்கு வந்த அன்னிக்கு ராத்திரி அவர் உங்க வீட்டுல சாப்பிட்டுத் தூங்கட்டும்.