கார்வெட் இன்ஜின பழைய செவர்லே பிக்கப்ல ஏத்துன கத (உங்க அனுபவத்தையும் சொல்லுங்க)

பாம்பன் ஃபிட்டர்:

போன வாரம் ஒரு தம்பி "பழைய பிக்கப்ல ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் போடலாமா, நாலு மவுண்ட்டு அடிச்சா முடிஞ்சிச்சுல்ல"ண்டு கேட்டிருந்தாப்ல. அதுக்கு பதில் எழுத உக்காந்து இம்புட்டு நீளமா போச்சு, அதான் தனியா போடுறேன்.

நான் சார்ஜா சனையாவுல (தொழிற்பேட்டை) ஒரு கேரேஜ்ல ஒம்பது வருசம் இருந்தேன். சேர்றப்ப எனக்குத் தெரிஞ்சது பூராம் மீன்பிடி போட்டு இன்ஜின் தான், பாம்பன்ல சித்தப்பாகூட லேலண்ட் இன்ஜின கழட்டி மாட்டி வளந்தவன். கார்ண்டா கல்யாணத்துக்கு ஏறுறது, அவ்வளவு தான் நமக்கு. அங்க அர்பாப்கிட்ட, அதான் அரபி மொதலாளிகிட்ட, அவரு வாப்பா வச்சிருந்த ஒரு பிக்கப் கெடந்துச்சு, 1972 செவர்லே சி10, குட்டை பாடி. ஓடாது, ஆனா விக்கவும் மாட்டாரு. ஒரு நாள் ஏலத்துல எடுத்த கார்வெட் ஒண்ணு, அதுவும் செவர்லே கம்பெனியோட ஸ்போர்ட்ஸ் கார்தான், லாரில வந்து எறங்குச்சு. சி5 மாடல், 2002, மூஞ்சி அப்பளமா நொறுங்கி கெடக்கு, ஆனா இன்ஜினுக்கு பின்னாடி ஒரு கீறல் இல்ல. அர்பாப் அதையும் பாத்தாரு பிக்கப்பையும் பாத்தாரு, எங்களுக்கு வவுத்த கலக்கிருச்சு.

இன்ஜின் மட்டும்ண்டா ஈசி. எல்எஸ்1, 5.7 லிட்டர், 350 குதிரை, அலுமினிய பிளாக்கு. பழைய வி8 மவுண்ட்டு நேரா ஒக்காராது, ஆனா நடுவுல ஒரு அடாப்டர் பிளேட்டு போட்டா ஒக்காந்துரும், உலகத்துல பாதி பேரு அப்படித்தான் ஏத்துறான். அர்பாப் கேட்டது அது இல்ல. "முழுசா வேணும், பின்னாடி கியர் பாக்ஸோட"ங்கிறாரு.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், சி5 கார்வெட்ல கியர் பாக்ஸ் இன்ஜினுக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்காது. கிளட்ச் மட்டும் முன்னாடி இருக்கும், அங்கருந்து ஒரு தடி குழாய் பின்னால வரைக்கும் போகும், டார்க் டியூப்ங்கிறாய்ங்க, அதுக்குள்ள ஷாப்ட்டு சுத்தும், பின்னாடி கவுன் ஹவுசிங்கோட (பின் சக்கரத்துக்கு சுத்த பிரிச்சுக் குடுக்குற பல்லுப் பொட்டி) சேத்து ஆறு கியர் பாக்ஸும் ஒண்ணா ஒக்காந்திருக்கும். ஷாப்டோட ரெண்டு முனையிலயும் ரப்பர் கப்ளர், சேத்துப் பிடிக்கிற இணைப்பு. இந்த ரப்பர ஞாபகம் வச்சுக்கங்க. நம்ம சாதா வண்டில கியர் பாக்ஸ்ல கொறஞ்சு வந்த சுத்து தான் ஷாப்டுக்கு வரும், இதுல இன்ஜின் என்ன ஆர்பிஎம்ல சுத்துதோ ஷாப்ட்டும் அதே ஆர்பிஎம்ல சுத்தும்.

பிக்கப்புக்கு இது எதுக்குண்டா, காலி பிக்கப் ஓட்டுனவனுக்கு தெரியும், வால்ல வெயிட்டே இருக்காது. மழையில பொலிரோ பிக்கப்ப காலியா விரட்டிக்கிட்டு மண்டபம் ரோட்டுல பிரேக் அடிச்சுப் பாருங்க, பின்பக்கம் நம்மள முந்தப் பாக்கும். 350 குதிரைய அதுல கட்டுனா டயர் நின்ன எடத்துலயே பொகை விடும். கியர் பாக்ஸும் கவுனும் சேந்து பின்னாடி போயிருச்சுண்டா அங்க கனம் வந்துருது. அந்த வகையில அர்பாப் கேட்டது பைத்தியக்காரத்தனம் இல்ல, மொதல்ல நாங்கதான் சிரிச்சோம்.

சிரிப்பு அடங்குனது டேப்பு பிடிச்சப்பத்தான். சி10 ரெண்டு அச்சுக்கும் நடுவுல 115 இஞ்ச், கார்வெட்டு 104.5. பத்தர இஞ்ச் கொறையுது. டியூப்ப வெட்டி நீட்டலாம்ண்டு லேத்துக்காரரு சொன்னாரு, ஆனா ஷாப்ட்டு நீளமாக நீளமாக வேகத்துல நடுவுல கயிறு சுத்துற மாதிரி விரியப் பாக்கும், அதுவும் இன்ஜின் வேகத்துல சுத்துறது, வேணாம்ண்டு எல்லாரும் பின்வாங்கிட்டோம். அப்ப இன்ஜின பின்னாடி தள்ளு. தள்ளுனா ஃபயர்வால்ல, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகட்டுல, முட்டுது. வெட்டி பொட்டி மாதிரி உள்ள வாங்கி தகடு அடிச்சோம். ஹீட்டர் போச்சு, சார்ஜாவுல அது எவனுக்கு வேணும், ஆனா ஏசி பொட்டிக்கும் எடம் போச்சு. அத சீட்டுக்கு பின்னாடி கொண்டு போனோம். அந்த எடம் எப்படி கெடைச்சதுண்டா, அந்தக் கால சி10ல பெட்ரோல் டேங்கே கேபினுக்குள்ள சீட்டுக்கு பின்னாடிதான் இருக்கும், முதுகுக்கு பின்னால பெட்ரோல கட்டிக்கிட்டு அந்தக் காலத்து ஆளுக எப்படி நிம்மதியா சிகரெட்டு பிடிச்சாய்ங்களோ. அத கழட்டிட்டு சேஸ் கடைசில புது டேங்கு போட்டோம். கார்புரேட்டருக்கு அஞ்சாறு பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் போதும், இதுக்கு 58 வேணும், பம்ப்பு லைன் எல்லாமே புதுசு. வயரிங் பத்தி பேசல, அத ஒரு பிலிப்பினோ பையன் பாத்தான், சாவி திருட்டு லாக்க கம்ப்யூட்டர்ல எடுக்காம இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாதுங்கிறது மட்டும் எனக்கு தெரியும். கார்வெட்டோட ஆயில் சம்ப்பு ரெண்டு பக்கமும் வவ்வால் றெக்க மாதிரி விரிஞ்சிருக்கும், அது குறுக்குச் சட்டத்துல இடிச்சு, வேற சம்ப்பு வாங்கி மாட்டுறதுக்கு மூணு வாரம்.

எல்லாம் முடிஞ்சு ஓட்டுனா, 2400 ஆர்பிஎம்ல ஊளை. நாய் ஊளையிடும்ல, அதே மாதிரி. அதுக்கு கீழயும் இல்ல மேலயும் இல்ல. எறக்கி பாத்தோம், டயர் பேலன்ஸ் பண்ணுனோம், சைலன்சர் முட்டுதாண்டு பாத்தோம். 700 கிலோமீட்டர் கூட ஓடல, ஒரு நாள் டக்குண்டு சத்தம். பின்பக்க ரப்பர் கப்ளர் மூணு எடத்துல கிழிஞ்சு தொங்குது. புதுசு வாங்கி போட்டோம். திரும்ப ஊளை.

அன்னைக்கு நைட்டு ரூம்ல படுத்துக்கிட்டு சித்தப்பாவுக்கு சும்மா பொலம்பி ஒரு வாய்ஸ் மெசேஜ் விட்டேன். அவரு ஸ்போர்ட்ஸ் காரையே பாத்ததில்ல. காலைல பதில் வந்து கெடக்கு: "ஏன்டா, வண்டிய எங்க வச்சு ஷாப்ட்ட கட்டுனீக? கரையில வச்சா தண்ணியில வச்சா?"

எனக்கு சட்டுண்டு ஒறைச்சது. வெளியாளுக்கு இது புரியாது. போட்ட கரையில ஏத்தி வச்சிருக்கப்ப இன்ஜினுக்கும் ஷாப்டுக்கும் கப்ளிங் நேரா பாத்து முறுக்குனா அது பொய் அலைன்மென்ட். கரையில கட்ட மேல ஒக்காந்திருக்கப்ப ஒடம்பு ஒரு மாதிரி வளைஞ்சிருக்கும், தண்ணியில மெதந்தா வேற மாதிரி. அதனால போட்ட எறக்கி, ஒரு நாள் மெதக்க விட்டு, டீசல் ஐஸெல்லாம் ஏத்துனப்புறம்தான் சித்தப்பா ஃபீலர் கேஜ எடுப்பாரு. மேல கீழ எடது வலது நாலு பக்கமும் கேப்பு பாப்பாரு. கப்ளிங் குறுக்களவு ஒரு இஞ்சுக்கு ஆயிரத்துல ஒரு பங்கு இஞ்ச் வரைக்கும் விடுவாரு, அதுக்கு மேல போச்சுண்டா இன்ஜினுக்கு அடியில வைக்கிற ஷிம் தகட்ட மாத்து.

நாங்க என்ன பண்ணிருந்தோம், பிக்கப்ப லிஃப்ட்டுல தூக்கி, சக்கரம் நாலும் அந்தரத்துல தொங்க, அப்படியே டியூப்பையும் பின் கிராடிலையும் (கியர் பாக்ஸ தாங்குற சட்டம்) முறுக்கிருக்கோம். சி10 சேஸ் ரெண்டு பக்கம் சி மாதிரி வாய் தொறந்த சட்டம், லிஃப்ட்டு நடுவுல பிடிச்சா முன்னும் பின்னும் தொங்கும், தரையில எறக்குனா சக்கரம் மேல தள்ளும். இன்ஜின், டியூப்பு, கியர் பாக்ஸ் மூணும் சேந்து ஒரே கம்பி மாதிரி வெறைப்பு, அத கட்டிருக்குற சேஸ் ஆடுது. அந்த ஆட்டத்த பூராம் ரப்பரும் பேரிங்கும் வாங்கிக்கிட்டு கத்துது. கார்வெட்டோட சொந்த ஒடம்பு வெறைப்பா இருக்கும், அங்க இந்த பிரச்சனை வர்றதில்ல. தப்பு கார்வெட்டுது இல்ல, எங்களுது.

சக்கரத்துல நிக்க வச்சு, டேங்க ரொப்பி, சீட்டுல ரெண்டு சிமெண்ட்டு மூட்டைய ஒக்கார வச்சு, போல்ட்ட லூஸ் பண்ணுனோம். பின் மவுண்ட்டு கண்ணு முன்னாடி நாலு மில்லி நகண்டு நின்னுச்சு, எங்க ஃபோர்மேன் மலையாளி, தலையில கை வச்சிட்டாரு. சித்தப்பா அடுத்த மெசேஜ் போட்டாரு, "போல்ட்டு வெரலால ஓட்டைக்குள்ள போகணும்டா, கடப்பாரைய வச்சு நெம்பித்தான் போகுதுண்டா நீ இன்னும் கரையிலதான் நிக்கிற". அப்புறம் சேஸ் வாய தகடு வச்சு அடைச்சு பொட்டி ஆக்கினோம், ஒரே இழுப்பா வெல்டிங் அடிச்சா சட்டம் சூட்டுல முறுக்கிக்கும், அங்கிட்டு நாலு இஞ்ச் இங்கிட்டு நாலு இஞ்ச் விட்டு விட்டு அடிக்கணும், ஆற விட்டு திரும்ப வரணும். ஆறு நாள் ஆச்சு. ஊளை போயிருச்சு.

உங்களுக்கு இந்த மாதிரி இன்ஜின் மாத்துன அனுபவம் இருந்தா சொல்லுங்க, போட்டா இருந்தாலும் சரி ஜீப்பா இருந்தாலும் சரி.

தனுஷ்கோடி ஜீப்பு:

அண்ணே படிக்கிறப்ப எங்க அப்பா ஞாபகம். 2017ல அரிச்சல்முனைக்கு தார் ரோடு வர்றதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்துலருந்து மணல்லயும் தண்ணியிலயும் ஆளுகள ஏத்திக்கிட்டு போன ஜீப்புல எங்களுதும் ஒண்ணு. பழைய மஹிந்திரா, பெட்ரோல் ஹரிக்கேன் இன்ஜின், 2.2 லிட்டர், மணல்ல பெட்ரோல தண்ணியா குடிக்கும். அப்பா அத எறக்கிட்டு பியூஜோ டீசல் போட்டாரு, எக்ஸ்டிபி, மஹிந்திராவே பின்னாடி ஜீப்புல போட்ட இன்ஜின் தான். ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் இல்லண்ணே, ஆனா வேதனை ஒண்ணுதான். அந்த பெட்ரோல் கியர் பாக்ஸுக்கும் டீசலுக்கும் நடுவுல அடாப்டர் பிளேட்டு ராம்நாட்டுல லேத்துல போட்டது, சென்டர் அர மில்லி தள்ளிருச்சு. அர மில்லிதானேண்டு மாட்டிட்டாரு. ஒரே சீசன்ல மூணு கிளட்ச் பிளேட்ட தின்னுருச்சு, கியர் பாக்ஸ் முன் பேரிங்கும் போச்சு. கடைசில ஒரு வயசான ஃபிட்டரு டயல் கேஜ ஃபிளைவீல்ல ஒட்டி சுத்திப் பாத்து பிளேட்டு ஓட்டைய மறுபடி கடைஞ்சு குடுத்தாரு. அதுக்கப்புறம் ஏழு வருசம் ஓடுச்சு.

இன்னொண்ணு உப்பு. நம்ம கரைல நல்ல தண்ணியில கழுவணும்ண்டு சொல்றது ஈசி, ராமேஸ்வரத்துல குடிக்கவே காசு குடுத்து குடம் வாங்குற எடத்துல ஜீப்ப தெனம் யாரு கழுவுறது. அலுமினிய பிளாக்கோட இரும்பு போல்ட்டு சேர்ற எடத்துல உப்பு எறங்குனா போல்ட்டு வெளிய வராது, உங்க எல்எஸ்1 நம்ம ஊருக்கு வந்தா அங்கதான் மொதல்ல அழுகும்.

தேவிபட்டினம் செகண்ட் இன்ஜினியர்:

கப்பல்ல இருக்கேன், சுருக்கமா சொல்றேன். அந்த 2400 ஊளைய படிச்சதும் சிரிச்சிட்டேன். எங்க மெயின் இன்ஜின் டேக்கோமீட்டர்ல ஒரு எடத்துல செவப்பு பட்டை போட்டிருக்கும், அந்த ஆர்பிஎம்ல நிக்கக் கூடாது, வெரசா தாண்டிப் போயிரணும். அதுல ஷாப்ட்டு முறுக்கி முறுக்கி விடும், நின்னோம்ண்டா ஷாப்டே விரிசல் விடும். உங்களுது அலைன்மென்ட்டால வந்தது, சரி பண்ணிட்டீங்க. எங்களுக்கு அது ஷாப்டோட பொறவிக் கொணம், ஒண்ணும் பண்ண முடியாது, தாண்டத்தான் முடியும்.

உச்சிப்புளி மச்சான்:

எல்லாம் சரி மாப்ள, அந்த வண்டில ஐஸ் பொட்டி எத்தன ஏறும்?

கீழக்கரை ஆர்சி புக்:

இங்கிட்டு எவனும் இத படிச்சிட்டு நாளைக்கே வெல்டிங் மிசின எடுக்காதீக. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, ஆர்சில இருக்குற கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிருச்சு. என் காக்கா (அண்ணன்) ஒருத்தரு பழைய பிக்கப்ல வேற இன்ஜின போட்டுட்டு எஃப்சிக்கு போனாரு. இன்ஸ்பெக்டர் சத்தமே போடல, போனட்ட தொறந்தாரு, நம்பர பாத்தாரு, மூடுனாரு, "பழைய இன்ஜின் எங்க இருக்கு"ண்டு கேட்டாரு. வீட்டுலண்டு சொல்லிருக்காரு. "அத போட்டு எடுத்துட்டு வாங்க"ண்டு அனுப்பிட்டாரு. நல்லவேளை எடைக்கு போடல. இப்ப அந்த புது இன்ஜின் தோட்டத்துல தார்ப்பாய் போத்தி கெடக்கு.

பாம்பன் ஃபிட்டர்:

@தனுஷ்கோடி ஜீப்பு, தம்பி அர மில்லி விசயம் நூத்துக்கு நூறு. எங்க நாலு மில்லிய நெனச்சா இப்பவும் கூசுது.

@உச்சிப்புளி மச்சான், ஒரு பொட்டி கூட ஏறாது மச்சான். கார்வெட்ல பின்னாடி அடுக்குப் பட்டை ஸ்பிரிங்கு கெடையாது, குறுக்க ஃபைபர்ல ஒரே ஒரு பட்டை, ரெண்டு பேரு ஒக்காந்து போறதுக்கு செஞ்சது. அர்பாப் ஒரு தடவ அதுல ஒட்டகத்துக்கு புல்லுக்கட்டு ஏத்தணும்ண்டு வந்தாரு, ஃபோர்மேன் சாவிய பாக்கெட்ல போட்டுக்கிட்டு டீ குடிக்க போயிட்டாரு. ஓட்ட எப்படிண்டு கேட்டா, சார்ஜாவுலருந்து தைத் போற ரோட்டுல காலியா நூத்தி இருபதுல போறப்ப வால் ஆடல, அதுதான் எனக்கு பெருசு. பிரேக்க கார்வெட்டுதே நாலு பக்கமும் போட்டோம், அத மொதல்லயே எழுதிருக்கணும், இன்ஜின மட்டும் மாத்திட்டு பழைய பிரேக்கோட போறவன்கூட நான் வண்டில ஏற மாட்டேன்.

@கீழக்கரை ஆர்சி புக், உண்மைதான் பாய். ஊருக்கு வந்து மண்டபத்துல பட்டறை போட்டப்புறம் ரெண்டு பேரு இதையே கேட்டு வந்தாய்ங்க, போட்டு இன்ஜின் வேலைண்டா கொண்டு வாங்கண்டு அனுப்பிட்டேன்.

படம் கேக்கப் போறவங்களுக்கு: வண்டி படத்த போட அர்பாப் விடமாட்டாரு. கிழிஞ்ச கப்ளர ஊருக்கு கொண்டாந்தேன், சித்தப்பாவுக்கு காட்டுறதுக்கு. அவரு அத திருப்பித் திருப்பி பாத்துட்டு, வெத்தல இடிக்கிற ஒரலுக்கு அடியில வச்சுக்கிட்டாரு, சத்தம் வரமாட்டேங்குதாம். இப்ப தூங்குறாரு, எந்திரிச்சதும் எடுத்து போடுறேன்.