மங்குஸ்தான் இலை நுனி கருகுது, செடி வளரவே மாட்டேங்குது: காங்கயத்துல இது தழையுமா?

காங்கயத்துக்காரி:

வணக்கமுங்க. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில ரெண்டு மங்குஸ்தான் நாத்து வெச்சு ரெண்டு வருசம் முடிஞ்சுதுங்க. வெச்சப்ப முழங்கால் உயரம், இன்னைக்கும் முழங்கால் உயரந்தான். வைகாசியில இலை நுனி பழுப்பாச்சு. அப்புறம் ஓரமெல்லாம் தீஞ்சாப்புல ஆயிருச்சு. ஆடிக்காத்துல ஒரு செடி இலையெல்லாம் கொட்டிப்போட்டு வெறுங்குச்சியா நிக்குது. இன்னொண்ணுல 8 இலை இருக்குது, அதுல 5 கருகினது.

எங்க அப்புச்சி, அம்மாவோட அப்பா, மேட்டுப்பாளையத்துக்கிட்ட கல்லாத்துப் பக்கம் பாக்குத்தோப்புல வேலைக்கு இருந்தவருங்க. ஊருக்கு வர்றப்ப துண்டுல முடிஞ்சு மங்குஸ்தான் கொண்டாருவாரு. பழத்துக்கு அடியில பூ மாதிரி ஒரு முத்திரை இருக்குமல்லங்க, அதுல எத்தனை இதழோ உள்ள அத்தனை சுளை. எங்களை எண்ணச் சொல்லிட்டுத்தான் உடைப்பாரு. அவரு போயி 6 வருசமாச்சு. அம்மிச்சி இப்ப எங்கூடத்தான் இருக்காங்க. பொழுதுக்கும் அந்தச் செடிகிட்டத்தான் கட்டிலைப் போட்டு உக்காந்திருக்காங்க. அதனாலதானுங்க எனக்கு இத்தனை வெசனம்.

கல்லாறு இங்கிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளதான். அங்க தழையறது இங்க ஏனுங்க தழையல?

கோபி மாடித்தோட்டம்:

அக்கா, கொஞ்சம் விவரம் சொல்லுங்க. என்ன தண்ணி விடறீங்க? வெயில் எத்தனை மணி நேரம் படுது? என்ன உரம் போட்டீங்க? கருகல் நுனியில இருந்து உள்ள வருதா, இல்ல இலை நடுவுல திட்டுத்திட்டா இருக்குதா?

காங்கயத்துக்காரி:

போர்த்தண்ணிதானுங்க, சப்பத்தண்ணி. தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர் வெச்சுப் பார்த்தேன், 1400 காட்டுது. காலையில நெழலு, 11 மணியில இருந்து 4 மணி வரைக்கும் நல்ல வெயில். செம்மண்ணுதான், ஆனா ரெண்டடிக்குக் கீழ சுக்காங்கல், அதானுங்க சுண்ணாம்புக்கல்லு. நுனியில இருந்துதான் உள்ள வருது, அடி இலையிலதான் மொதல்ல வந்துச்சு. உரம்னா சாணி, வாரம் ஒருக்கா அடுப்புச் சாம்பல். சாம்பல் போட்டா இலை கருகாதுன்னு ஒருத்தர் சொன்னாங்க.

நாத்து வித்தவங்க ஒட்டுச்செடி, மூணாம் வருசம் காய்க்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க.

ஆனைமலை ஜாதிக்காய்த்தோப்பு:

அம்மிணி, மொதல்ல அந்தச் சாம்பலை இன்னையோட நிறுத்துங்க. உங்க செடிக்கு வந்திருக்கறது நோவு இல்லீங்க. உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து பண்ற வேலை. சாம்பல் காரம். ஏற்கெனவே காரமா இருக்கற மண்ணுல வாராவாரம் அதைக் கொட்டிட்டு வந்திருக்கீங்க. சொன்னவங்க நல்ல மனசுலதான் சொல்லியிருப்பாங்க, வாழைக்கு அது சரி. மங்குஸ்தானுக்குப் புளிப்பு மண்ணு வேணும். பிஎச் அஞ்சரையில இருந்து ஆறே முக்காலுக்குள்ள.

கருகலைப் பார்த்தே காரணத்தைப் பிரிக்கலாம். அடி இலையில நுனியில ஆரம்பிச்சு ஓரமா வந்தா உப்பு. வெயில் பட்ட பக்கம் மட்டும் நடு இலையில வெளுத்த திட்டு விழுந்தா வெயில். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா, சுண்ணாம்பு மண்ணு இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டிருக்குதுன்னு அர்த்தம். நீங்க சொல்றது மொதல் ரகம். தூரைச் சுத்தி மண்ணுமேல வெள்ளையாப் பூத்திருக்குதான்னு பாருங்க, இருக்கும்.

இந்த மரத்தோட வேர் ஒரு மாதிரியான வேருங்க. ஆணிவேர் மட்டும் நேரா எறங்கும். பக்கவேர் கொஞ்சந்தான், அதுலயும் மத்த செடிக்கு இருக்கற மாதிரி வேர்த்தூவி கிடையாது. அதனால தண்ணியை மெதுவாத்தான் உறிஞ்சும். பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி ஆடியில வர்ற காத்து மழையை அக்கட்டால மலையாளத்துலயே எறக்கிட்டு, காஞ்சுபோய்த்தான் நம்ம பக்கம் வரும். உடுமலை, பல்லடத்துல காத்தாடியைச் சுத்தறதும் அதே காத்துதான். அது இலையில இருந்து தண்ணியை இழுக்கற வேகத்துக்கு அந்த வேரால ஈடு குடுக்க முடியாது. 1400 உப்புங்கறதைத் தென்னை தாங்கிக்கும், இது தாங்காது.

கல்லாத்துக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தூரத்துல இல்லீங்க, ஈரத்துல. மங்குஸ்தானுக்கு வருசம் 1,270 மில்லிமீட்டருக்கு மேல மழை வேணும், அதுவும் பரவலாப் பெய்யணும். காங்கயத்துல அதுல பாதி பெய்யறதே பெருசு. கல்லாறு மலையடிவாரம், ஆத்துத்தண்ணி, பாக்கு நெழலு, எப்பவும் ஈரக்காத்து. அதுக்கு மேல குன்னூர் ரோட்டுல இருக்கற பர்லியாத்துல 1871லயும் கல்லாத்துல 1900லயும் பழப்பண்ணை போட்டவங்க அந்த ஈரத்தைப் பார்த்துத்தான் எடத்தைப் புடிச்சிருக்கணும்.

இப்ப பண்ண வேண்டியது. மழைத்தண்ணி புடிங்க. 1,000 சதுர அடி மொட்டைமாடியில 10 மில்லி மழை பெஞ்சா 900 லிட்டருக்கு மேல வரும். 5,000 லிட்டர் தொட்டி ஒண்ணு இருந்தாப் போதும், நாளைக்கு 10 லிட்டர்னு விட்டாலும் கோடை முழுக்க ஒரு செடிக்குத் தாட்டும். மொதல் மழையை வெளிய விட்டுட்டு அப்புறம் புடிங்க. கிடைச்ச ஒடனே ஒரு நாளைக்கு 40, 50 லிட்டர் மெதுவா ஊத்தி மண்ணுல இருக்கற உப்பைக் கீழ எறக்குங்க.

மேக்கால பக்கம் ரெண்டு வாழை வெச்சிருங்க, காத்துக்கும் வெயிலுக்கும் மறைப்பு. அது வளர்ற வரைக்கும் பாதி நெழல் குடுக்கற பச்சை வலை. மங்குஸ்தான் சின்ன வயசுல நெழலுக்குள்ள வளர்ற சாதிங்க, மூணு நாலு வருசம் நெழல் வேணும். தூருக்கு மூடாக்கு போடறதுக்கு உங்கூர்ல தேங்கா மட்டைக்கும் நார்க்கழிவுக்கும் பஞ்சமில்ல. ஆனா மில்லுல இருந்து வர்ற நார்க்கழிவுலயும் உப்பு இருக்கும். மூணு தடவை அலசிட்டுப் போடுங்க.

கந்தகத்தூள் போட்டா மண்ணு புளிப்பாகும்னு யாராச்சும் சொல்லுவாங்க. சுக்காங்கல் கெடக்கற மண்ணுல அது மாளாத வேலைங்க, கல்லு கரையக் கரைய மறுபடியும் சுண்ணாம்புதான் வரும்.

காங்கயத்துக்காரி:

அண்ணா, படிச்சுட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளையாத்தான் பூத்திருக்குது. என் கையாலயே சாம்பலைப் போட்டிருக்கேன், மனசே ஆறல. அந்த வெறுங்குச்சியைப் பேத்து எடுத்துத் தொட்டியில வெச்சாப் பொழைக்குமா?

ஆனைமலை ஜாதிக்காய்த்தோப்பு:

பேக்காதீங்க. ஆணிவேர் அறுந்துதுன்னா அதோட முடிஞ்சுது. நகத்தால தோலை லேசாச் சொரண்டிப் பாருங்க. உள்ள பச்சை இருந்தா உசுரு இருக்குது, அப்படியே நெழல் கட்டி மழைத்தண்ணி விடுங்க. பழுப்பா இருந்தா விட்டுருங்க.

கோபி மாடித்தோட்டம்:

நானும் ஒண்ணு சொல்லிக்கறேங்க அக்கா. ஊட்டியில இருந்து நீலப்பூ பூத்த ஹைட்ராஞ்சியா கொண்டாந்து வெச்சேன். எங்க கொழாத்தண்ணி ஊத்தினதும் அடுத்த பூவு ரோஸாப் பூத்துச்சு. மண்ணு புளிப்பா இருந்தாத்தான் அலுமினியம் வேருக்குக் கிடைச்சு நீலமாகுமாம், சுண்ணாம்புத்தண்ணியில அது கிடைக்காது. நெறந்தானே மாறுச்சுன்னு விட்டுட்டேன், பங்குனி வெயில்ல செடியே போயிருச்சு. தண்ணியைக் காட்டிக்குடுத்த மொதல் அடையாளமே அந்த ரோஸ்தான், எனக்குத்தான் புரியல. உங்களுக்கு இலை நுனி காட்டுதுங்க. நேரத்துல கேட்டீங்க.

ஆனா அம்மிச்சி மனசு ஆறுதலுக்குன்னா பக்கத்துல ஒரு நாவக்கன்னும் வெச்சிருங்க. அதுக்கு உங்க மண்ணும் தண்ணியும் போதும்.

ஆலாந்துறை பாக்குத்தோப்பு:

சிறுவாணி அடிவாரத்துல எங்க தோப்புல ரெண்டு மரம் இருக்குதுங்க. விதையில வந்ததுதான். 12ஆம் வருசத்துல 9 காய் பிடிச்சுது. இத்தனை ஈரத்துலயே அத்தனை வருசம். மூணாம் வருசம் காய்க்கும்னு உங்களுக்குச் சொன்னது சரியில்லீங்க. ஒட்டுச்செடி கொஞ்சம் முந்தும், அதுக்காக மூணு வருசத்துல வராது.

இன்னொரு விசயம். மங்குஸ்தான் விதை மகரந்தம் சேராமயே உருவாகறது. அதனால நாத்து அப்படியே தாய்மரம் மாதிரிதான் வரும், ரகம் மாறாது. பர்லியாத்து ரோட்டோரக் கடையில பழம் வாங்கித் தின்னுட்டு, பெரிய விதையா எடுத்து அன்னைக்கே நடுங்க. காய விட்டா முளைக்காது. நல்லா உசரமான பையில நட்டு, ஆரம்பத்துல இருந்தே மழைத்தண்ணி மட்டும் விடுங்க. நடற குழியில சுக்காங்கல்லை நாலடிக்கு வாரி வெளிய போட்டுட்டு மேல்மண்ணு, இலைமக்கு நெரப்பிக்குங்க. உங்க அப்புச்சி கொண்டாந்த பழத்தோட வம்சமாக்கூட இருக்கலாமுங்க அது.

காங்கயத்துக்காரி:

கார்த்திகை பொறந்துருச்சுங்க, சொல்லிப்போடலாம்னு வந்தேன். குச்சியாட்டம் நின்னது பொழைக்கல, சொரண்டினப்பவே பழுப்பு. எட்டு இலைச் செடி நிக்குது. ஐப்பசி மழையில தொட்டி ரொம்பிருச்சு, வாழையும் வெச்சாச்சு. போன வாரம் உச்சியில செவப்பா ஒரு சோடி இலை விட்டிருக்குதுங்க, ரெண்டு வருசத்துல இப்பத்தான் புது இலையைப் பார்க்கறேன். அம்மிச்சி இலைமேல கைபடாம வாசத்தை மட்டும் மோந்து பார்த்தாங்க. ஆவணியில நட்ட விதையில 6ல 4 முளைச்சிருக்குது.

ஒரு சந்தேகமுங்கண்ணா. மார்கழிப் பனிக்கு மூடணுமா?

ஆனைமலை ஜாதிக்காய்த்தோப்பு:

வேண்டாம் அம்மிணி. 20 டிகிரிக்குக் கீழ போனா வளர்ச்சி கொஞ்சம் நிக்கும், அவ்வளவுதான். தண்ணியைப் பாதியாக் குறைச்சுக்குங்க, இல்லாட்டி வேர் அழுகும். வலையை மட்டும் கழட்டிராதீங்க, மாசி வெயில் சொல்லாம வந்துரும். நாலு நாத்துல ஒண்ணு எனக்கு எடுத்து வெய்ங்க.