அம்மாவின் வலியை அளக்க வழி உண்டா?

முக்கூடலிலிருந்து எழுதுகிறேன். பக்கவாதத்துக்குப் பின் அம்மாவுக்கு வலது கை தீயாக எரிகிறது. நாற்பது வருடம் பீடி சுற்றிய கை. மின்விசிறிக் காற்று பட்டாலே முந்தானையால் பொத்திக்கொள்கிறார். "வலி பத்துக்கு எத்தனை?" என்று டாக்டர் கேட்டால், "தாங்கிக்கொள்வேன் ஐயா" என்கிறார். இரவில் விசும்புவது எனக்குத்தான் கேட்கிறது.

2023இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், தீராத வலியுள்ள 4 பேரின் மூளையில் மின்முனைகள் பொருத்தி, மாதக்கணக்கில் பதிவுசெய்து, அவரவர் வலியின் ஏற்ற இறக்கத்தை மூளையின் மின் சமிக்ஞைகளிலிருந்தே கணித்தார்கள். மூவருக்கு அம்மாவைப் போலவே பக்கவாத வலி. அது இன்னும் ஆராய்ச்சிதான். மண்டையைத் திறக்க நான் சம்மதிக்கவும் மாட்டேன்.

நெல்லையிலோ மதுரையிலோ இந்த வலியைத் தனியாகக் கவனிக்கும் மருத்துவர் யார்? வாய்விட்டுச் சொல்லாதவரின் வலியை எப்படிப் புரியவைத்தீர்கள்? செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறோம், அதற்குள் சொல்லுங்கள்.