ஆய்வுக்குத் திரும்ப விரும்பும் மாணவிக்கு ஒரு வழிகாட்டி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் தாவரவியல் படித்த மாணவி ஒருவர் முனைவர் பட்டம் முடித்த கையோடு கல்யாணம், குழந்தை என்று ஆய்வுக்கூடத்தை விட்டு விலகிவிட்டார். குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது. மறுபடி ஆராய்ச்சிக்கு வர ஆசைப்படுகிறார். திசு வளர்ப்பில் (செடியின் சிறு துண்டிலிருந்து ஆய்வகத்தில் புதுச் செடி வளர்ப்பது) அவ்வளவு நிதானமும் சுத்தமும் உள்ளவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெண் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை தரும், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் இப்படி இடையில் நின்ற பெண்களையும் மனதில் வைத்ததுதான். ஆனால் விண்ணப்பிக்க, இடம் தரும் ஒரு நிறுவனமும் வழிகாட்டியும் வேண்டுமே! அவர் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பெரும்பாலும் பதிலே இல்லை. வந்த ஒரே பதிலும், "இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்றது. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் படித்த ஊர் சென்னை. 1931-லேயே அமெரிக்காவின் மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். இங்கே இன்னமும் இந்தக் கேள்வியா?

சரி, எனக்கு வேண்டியது இதுதான். சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் தாவரத் திசு வளர்ப்பு ஆய்வகம் நடத்தும் யாரையாவது தெரியுமா? அந்த உதவித்தொகை பெற்றவர்கள் யாராவது இவருடைய ஆய்வு முன்மொழிவை ஒருமுறை படித்துத் திருத்தம் சொல்ல முடியுமா? நேர்காணலில் இடைவெளியைப் பற்றிக் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? அப்புறம், வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசக்கூடிய மூத்த ஆய்வாளர் கிடைத்தாலும் பெரிய உதவி. முன்மொழிவு தயாராக இருக்கிறது, கேட்பவர்களுக்கு உடனே அனுப்புகிறேன்.