ஏஜ் ஆஃப் மித்தாலஜி: முதல் சில ஆட்டங்களில் நாங்கள் கண்டது

ஊர் கட்டி, படை திரட்டி எதிரியோடு மோதும் கணினி விளையாட்டான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 எனக்குப் பல வருடப் பழக்கம். அதே என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2002-ல் வெளியிட்ட ஏஜ் ஆஃப் மித்தாலஜியை மட்டும் ஏனோ தொடாமலே இருந்தேன். 2024 செப்டம்பரில் 'ரீடோல்ட்' என்ற பெயரில் அதைப் புதுப்பித்து வெளியிட்ட பிறகுதான் வாங்கினேன். முதல் சில ஆட்டங்களில் என்னை இழுத்துப் பிடித்தவற்றை இங்கே எழுதுகிறேன். ஆடியவர்கள் உங்கள் முதல் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

முதலில் எடுத்தது கிரேக்கர்களை, கடவுள் ஜீயஸ். தொடக்கம் பழகிய தொடக்கம்தான். வில்லேஜர்களை, அதாவது வேலை செய்யும் குடிமக்களை, ஆட்டுக்கும் மரத்துக்கும் அனுப்ப வேண்டும், வீடு கட்ட வேண்டும், ஆட்களைப் பெருக்க வேண்டும். உணவு, மரம், தங்கம் மூன்றும் தெரிந்தவை. கல் கிடையாது. அதன் இடத்தில் நான்காவதாக இருப்பது கடவுளின் அருள். இதை வெட்டி எடுக்கவோ அறுவடை செய்யவோ முடியாது. கோயில் கட்டி வில்லேஜர்கள் சிலரை அங்கே அனுப்பினேன். அவர்கள் கோயிலைச் சுற்றி நின்று கும்பிட ஆரம்பித்தார்கள், திரையின் ஓரத்தில் அருளின் எண் மெல்ல ஏறியது. வயலில் நிற்க வேண்டிய ஆள் கோயில் வாசலில் நிற்கிறார். ஆட்களைக் கூட்டக் கூட்ட ஆளுக்குக் கிடைக்கும் அருள் குறைந்துகொண்டே போகும். ஆகவே எத்தனை பேரை வேண்டுதலுக்கு ஒதுக்குவது என்று யோசித்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்து எகிப்தியர்களை எடுத்தேன். இங்கே யாரும் கும்பிடுவதில்லை. நினைவுச் சின்னங்கள் கட்ட வேண்டும், அவை நின்றாலே அருள் வந்துகொண்டிருக்கும். சிறியதில் தொடங்கி ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரியது, செலவும் அதிகம். மூன்றாவது நார்ஸ் எனப்படும் வட ஐரோப்பிய மக்கள். இவர்களுக்குக் கோயிலில் நிற்பதும் இல்லை, சின்னமும் இல்லை. போரிட்டால் அருள், போரிடாமல் ஊருக்குள் உட்கார்ந்திருந்தால் வறட்சி. போர்க்களத்தில் விழுந்தவனுக்குத்தான் வல்ஹாலாவில் இடம் என்று நம்பிய மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி எழுத முடியுமா? அதுமட்டுமல்ல, நார்ஸ் படையில் கட்டடம் கட்டுவதும் காலாட்படை வீரர்கள்தான். வில்லேஜருக்கு விறகு, வேட்டை, விவசாயம். வீடு எழுப்ப வேண்டுமென்றால் கோடரி வைத்திருப்பவனைத்தான் கூப்பிட வேண்டும். எதிரியின் வாசலிலேயே ஒரு கோபுரத்தைக் கட்டிவிட்டு அங்கிருந்து சண்டையைத் தொடங்கலாம்.

இந்த ஆட்டத்தின் சிறப்பு என்று நான் நினைப்பது இதுதான். புராணம் இங்கே சுவரில் ஒட்டிய படம் அல்ல. எந்த மக்கள் எப்படி வழிபட்டார்களோ அதுவே அவர்கள் ஆடும் முறையாகிவிடுகிறது. பிற ஆட்டங்களில் நாகரிகத்தை மாற்றினால் ஒன்றிரண்டு படைப்பிரிவுகளும் சில சதவீதங்களும் மாறும். இங்கே கை பழகிய பழக்கமே மாற வேண்டியிருக்கிறது.

ஒரு சண்டையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எதிரி பொசைடனை எடுத்திருந்தார். மூன்றாவது யுகமான ஹீரோயிக் ஏஜுக்குப் போகும்போது டயோனிசஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. என் ஹோப்லைட் என்ற ஈட்டி வீரர்களின் வரிசை ஆற்றங்கரையில் நின்றது. தூரத்தில் பச்சையாக ஒரு ஹைட்ரா, கிரேக்கக் கதைகளில் பல தலைகளோடு வரும் பாம்பு, வந்தது, ஒரே ஒரு தலையோடு. நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது என் வீரர்களைக் கொன்றது. இன்னொரு தலை முளைத்தது. மேலும் சிலரைக் கொன்றது, அடுத்த தலை. தலை கூடக் கூட அடியும் கூடியது. கதையில் ஹெராக்ளிஸ் வெட்ட வெட்டத்தான் தலைகள் முளைக்கும். இங்கே அது கொல்லக் கொல்ல முளைக்கிறது. அந்தத் திருப்பம் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண வீரர்களை மேலும் மேலும் அனுப்பினால் நாமே அதை வளர்த்துவிடுகிறோம். அப்போதுதான் அடிப்படைக் கணக்கு மனதில் பதிந்தது: மனித வீரர்களை மித் யூனிட் (ஹைட்ரா போன்ற புராண உயிரி) விழுங்கும், மித் யூனிட்டை ஹீரோ வீழ்த்துவார், ஹீரோவை மனித வீரர்கள் சூழ்ந்து அடித்துவிடலாம். ஜீயஸை எடுத்தவருக்கு அதே ஹீரோயிக் யுகத்தில் கிடைக்கும் ஹீரோ யார் தெரியுமா? ஹெராக்ளிஸ். ஹெராக்ளிஸை வரவழைத்து ஆற்றங்கரைக்கு அனுப்பினேன். நெமியாவின் சிங்கத்தையும் லெர்னாவின் ஹைட்ராவையும் கொன்ற அந்தப் பழைய வீரர் என் திரையில் தன் பழைய வேலையையே மறுபடியும் செய்தார்.

யுகம் மாறும்போதெல்லாம் துணைக் கடவுள் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜீயஸோடு போனால் முதலில் அதீனா அல்லது ஹெர்மீஸ், பிறகு அப்பல்லோ அல்லது டயோனிசஸ், கடைசியில் ஹெரா அல்லது ஹெபஸ்டஸ். ஒவ்வொருவரும் ஒரு காட் பவர் (இடி, புயல் போன்ற தெய்வ சக்தி), ஒரு மித் யூனிட், சில மேம்பாடுகள் தருவார்கள். அதீனாவோடு மினோட்டார், ஹெர்மீஸோடு சென்டார். ஒருவரை எடுத்தால் மற்றவரை அந்த ஆட்டம் முழுக்க மறந்துவிட வேண்டும். எதிரி யாரைத் தேர்ந்தெடுத்தார் என்று வேவு பார்ப்பதே ஒரு தனி வேலை.

குறைகள் இல்லாமல் இல்லை. ரீடோல்டில் பெரிய சண்டை வந்தால் ஒளியும் புகையும் சேர்ந்து யார் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் வில்லேஜர்களைத் தானாகவே வளங்களுக்குப் பிரித்து அனுப்பும் வசதி புதியவர்களுக்கு நிஜமாகவே உதவும். என் தங்கை அதை வைத்துத்தான் கற்றுக்கொண்டாள்.

* * *

அக்கா, ஹைட்ரா பத்தி நீங்க எழுதினதைப் படிச்சதும் என் கதையையும் சொல்லணும்னு தோணிடுச்சு. நான் ஆடினது பழைய 2002 வெர்ஷன், பிரவுசிங் சென்டர்ல, லேன்ல. அதுல காட் பவர் எல்லாம் ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவைதான். ஜீயஸோட இடி ஒண்ணு, அவ்வளவுதான். எந்த யூனிட்டா இருந்தாலும் ஒரே அடியில சாகும். அதை ஆரம்பத்துலயே எதிராளியோட வில்லேஜர் மேல போடுறதா, இல்லை கடைசி வரைக்கும் வெச்சிருந்து கொலாசஸ்ங்கிற ராட்சத மித் யூனிட் மேல போடுறதான்னு யோசிச்சு யோசிச்சு மனசு அடிச்சுக்கும்.

முதல் நாளே நான் எதிராளியோட டவுன் சென்டரை, அதான் ஊரோட தலைமைக் கட்டடத்தை, சுத்தி வளைச்சுட்டேன். இன்னும் கொஞ்சம் அடிச்சா விழுந்துடும். திடீர்னு என் படை மொத்தமும் கையைக் கட்டிட்டு நிக்குது. கிளிக் பண்றேன், அடிக்க மாட்டேங்குது. அவன் ஹெர்மீஸோட சீஸ்ஃபயரைப் போட்டிருக்கான். மேப்ல யாரும் யாரையும் அடிக்க முடியாது. அந்த இடைவெளியில அவன் படை திரட்டிட்டான். போர் நிறுத்தம்ங்கிறதை ஒரு ஆயுதமா வெச்சிருக்காங்களேன்னு அன்னிக்கு அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அதுக்கப்புறம் ஹெராவோட மின்னல் புயல். பெரிய படையை ஒரே இடத்துல நிறுத்தி வெச்சிருந்தேன். வானம் இருட்டுது, ஒவ்வொரு ஆளா மேல இருந்து அடி விழுது. ஓடுறவன் தப்பிச்சான், நின்னவன் போனான். அதுக்குப் பதில் என்னன்னு ரொம்ப நாள் தேடினேன். எகிப்துல ஐசிஸை எடுத்தா அவங்க நினைவுச் சின்னம் இருக்குற இடத்துக்குப் பக்கத்துல எதிரி காட் பவரே போட முடியாது. ஐசிஸ்னாலே மந்திரத்துலயும் காவல்லயும் பேர் போனவங்க, அதனால அந்தப் பாதுகாப்பு அவங்ககிட்ட இருக்குறது நியாயம்தான். ஊருக்கு நடுவுல, களஞ்சியத்துக்குப் பக்கத்துலன்னு பார்த்துப் பார்த்து அதைக் கட்டுவேன்.

ஹேடிஸை யாராவது ஆடிப் பார்த்தீங்களா? செத்த வீரர்கள்ல சிலர் நிழலா திரும்பி வருவாங்க, கோயில்ல இருந்து. பாதாளத்துக்கு ராஜான்னா அப்படித்தானே இருக்கணும். ஓடினுக்கு ரெண்டு காக்கை, மேப் முழுக்கப் பறந்து பார்த்துட்டு வரும், அடிச்சு வீழ்த்தினாலும் கொஞ்ச நேரத்துல மறுபடி வந்துடும். ஹுகின், முனின்னு கதையில வர்ற அதே ரெண்டும்தான்.

கேம்பெயின், அதாவது கட்டம் கட்டமா கதையா ஆடுற பகுதி பத்தி ஒரு வார்த்தை. அதோட நாயகன் அட்லாண்டிஸ் தளபதி அர்கண்டோஸ். பொசைடன் சிலையில இருந்த திரிசூலத்தைக் கடல் கொள்ளைக்காரங்க களவாடுறதுல ஆரம்பிச்சு டிராய், பாதாளம், எகிப்து, வடதேசம்னு 32 கட்டம். சூனியக்காரி சர்ஸியோட தீவுக்குப் போற கட்டத்துல அர்கண்டோஸும் கிரேக்க வீரன் அஜாக்ஸும் பன்னியா மாறிடுவாங்க. அந்தப் பன்னிங்களை வெச்சுத்தான் நாம ஆடணும்! ஆயுதம் கிடையாது, ஹீரோ கிடையாது, மோதிக்கிட்டும் ஓடிக்கிட்டும் வழி கண்டுபிடிச்சு ஒடிசியஸோட ஆளுங்களையும் மீட்கணும். மரக்குதிரைக்குள்ள ஒளிஞ்சு டிராய்க்குள்ள போற கட்டமும் உண்டு. கோட்டைச் சுவருக்கு வெளியே முட்டி மோதின அந்தப் பத்து வருஷக் கதை தெரிஞ்சவங்களுக்கு உள்ள இறங்கின உடனே கேட்டைத் தேடி ஓடுற நிமிஷம் ரொம்ப நல்லா இருக்கும்.

* * *

தம்பி சொன்ன அந்த 'ஒரே தடவை' விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ரீடோல்டில் அருளைச் செலவழித்துக் காட் பவரைத் திரும்பத் திரும்பப் போடலாம். ஆட்டம் சுவாரஸ்யமாகிறது, போட்டி ஆடுபவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் கடவுள் ஒரு முறைதான் கேட்பார் என்றிருந்தபோது இருந்த கனம் எனக்கு வேண்டும். இடி விழுந்துவிட்டது என்றால் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

சகோதரி கேட்டதால் என் முதல் அனுபவம். 2003-ல் வந்த 'தி டைட்டன்ஸ்' என்ற விரிவாக்கம்தான் நான் முதலில் ஆடியது. அதில் அட்லாண்டியர்கள் என்ற நான்காவது மக்கள் வந்தார்கள். கிரோனஸ், யுரேனஸ், கையா ஆகிய பழைய தலைமுறைக் கடவுள்களை வழிபடுபவர்கள். இவர்களுடைய குடிமக்கள் விறகையோ தங்கத்தையோ சுமந்து கொண்டுபோய்க் கொட்டத் தேவையில்லை, நின்ற இடத்திலேயே கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் ஒருவரை உருவாக்கச் செலவும் அதிகம், நேரமும் அதிகம். கிரோனஸை எடுத்தால் கட்டிய கட்டடத்தை இன்னோர் இடத்துக்குக் காலம் வழியாக நகர்த்தலாம். ராணுவக் கூடத்தை எதிரியின் மதிலருகே நகர்த்திய முதல் முறை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது.

டைட்டனை, அதாவது ஆட்டத்தின் கடைசியில் வரவழைக்கக்கூடிய பிரம்மாண்ட ராட்சதனை, சந்தித்தது வேறு கதை. நண்பர் நார்ஸ் ஆடினார். நான்கு யுகங்களையும் தாண்டி அவர் டைட்டன் வாசலைத் திறக்க ஆரம்பித்ததும் எனக்கு அறிவிப்பு வந்தது. அந்த வாசலைக் கட்டி முடிக்க நீண்ட நேரம் ஆகும், ஆட்களைக் கூட்டிக் கட்டினால்தான் சீக்கிரம் முடியும். என் படை அங்கே போய்ச் சேர்வதற்குள் நிலம் பிளந்தது. யிமிர் வெளியே வந்தான். நார்ஸ் புராணத்தில் ஓடினும் சகோதரர்களும் யிமிரைக் கொன்று அவன் உடலிலிருந்துதான் உலகத்தையே செய்கிறார்கள், ரத்தம் கடலாகிறது, எலும்பு மலையாகிறது. திரையில் அவன் காலடியில் என் கோபுரங்கள் உதிர்வதைப் பார்த்தபோது அந்த அளவு புரிந்தது. வீரர்களை அனுப்பிப் பிரயோஜனமில்லை. அட்லாண்டியர்களில் எந்த மனித வீரரையும் விலை கொடுத்து ஹீரோவாக உயர்த்தலாம், அதுதான் என்னைக் காப்பாற்றியது. கையில் இருந்த தங்கம் அனைத்தையும் அதில் இறக்கினேன். டைட்டன் விழுந்தான், கூடவே என் பாதி ஊரும் போய்விட்டது. ஒருவருக்கு ஆட்டம் முழுவதும் ஒரே டைட்டன்தான் என்பதால் அதற்குப் பிறகு நண்பரிடம் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

கதைப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது எகிப்து. செட் என்ற கடவுள் துண்டு துண்டாக வெட்டிய ஓசிரிஸ் கடவுளின் உடலைச் சேகரிக்க அர்கண்டோஸ், அமன்ரா, பாதி மனிதன் பாதி குதிரையான கைரான், அஜாக்ஸ் ஆகியோர் பிரிந்து போவார்கள். கைரானின் பகுதியில் ராட்சத டாமரிஸ்க் மரம் ஒன்றை வெட்டி வீழ்த்த வேண்டும். ஓசிரிஸின் பெட்டியை ஒரு மரம் தன்னுள் வைத்து வளர்ந்துவிட்டது என்று புளூட்டார்க் எழுதிய கதை அது. எழுதியவர்கள் மூலக் கதைகளைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நூபியப் படைத்தலைவி அமன்ரா போன்ற ஒரு பாத்திரத்தை அந்தக் காலத்து ஸ்ட்ராட்டஜி கேமில் முன்வரிசையில் நிறுத்தியதும் எனக்கு மரியாதை உண்டாக்கியது.

என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009-ல் மூடப்பட்டது. அதன் பிறகு 2016-ல் சீனர்களைச் சேர்த்து ஒரு விரிவாக்கம் வந்தது. ரீடோல்டுக்கு 2025-ல் சீனர்கள் புதிதாகச் செய்யப்பட்டு வந்தார்கள், ஜப்பானியர்களும் வந்தார்கள். இவற்றை இன்னும் முழுதாக ஆடி முடித்தவர்கள் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: அட்லாண்டியர்களை முதலில் எடுக்காதீர்கள், ஆள் குறைவாக இருப்பதால் ஒருவர் போனாலும் அடி பலமாக விழும். ஜீயஸோடு தொடங்குங்கள். கேம்பெயினின் முதல் சில கட்டங்களே எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் பழக்கத்தில் நினைத்த இடத்தில் டவுன் சென்டர் கட்டப் போகாதீர்கள், மேப்பில் ஏற்கெனவே குறித்திருக்கும் குடியிருப்பு இடங்களைத்தான் பிடிக்க வேண்டும். அந்த இடங்களுக்காகத்தான் நடுஆட்டத்தில் சண்டையே நடக்கும். நார்ஸ் எடுப்பவர்கள் வளங்களைக் கொண்டுவந்து கொட்டும் மாட்டு வண்டியை மரத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போங்கள், மரம் தள்ளிப் போகப் போக வண்டியையும் நகர்த்துங்கள்.